குளிர் நோட்டில் மைனஸ் நாலு

அவளை எல்லாரும் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சம்பளம் போடுகிற குமாஸ்தா மட்டும் மாதம் ஒருமுறை படித்தார். டாக்டர்கூட, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள் என்பதால், அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

அந்தச் சுகாதார நிலையத்தில் ஊசி போடுவது நர்ஸின் வேலை. போடலாம் என்று கையெழுத்துப் போடுவது டாக்டரின் வேலை. அந்த ஊசிக்குள் போகிற மருந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஐஸ் அக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். குழந்தைகளுக்குப் போடும் மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. நடுவில் இருக்கிற அந்த ஆறு டிகிரிக்குள்தான் அவளுடைய மொத்த உத்தியோகமும் இருந்தது. காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவாள். அதற்குக் குளிர் நோட்டு என்று பெயர். பதினேழு நோட்டுகள் முடிந்து பதினெட்டாவது ஓடிக்கொண்டிருந்தது.

சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். அதனால் ஐஸ் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். தூரத்துக் குடியிருப்புகளுக்கு மருந்து கொண்டுபோகும் பெட்டிக்குள், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே வைக்க விடமாட்டாள். மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைப்பாள். அவை வேர்க்க வேண்டும். மேலே தண்ணீர் முத்து முத்தாகப் பூக்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே சளக்கென்று சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டி. அதுவரை வெளியே ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"அக்கா, உங்க ஐஸ் வேர்க்கறதுக்குள்ள எனக்கு வேர்த்து சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு" என்று டிரைவர் கத்துவார்.

"சட்டையைப் பிழிஞ்சு காயப்போடுங்க. அது காயறதுக்குள்ள வந்துடறேன்."

இந்தப் பிடிவாதம் அவளோடு பிறந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் வந்தது. அந்தக் கோடையில் ஆளும் கட்சியின் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. மேடை விளக்குக்கு வேண்டும் என்று சுகாதார நிலையத்தின் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. அந்த மூன்று நாளும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. தெர்மாமீட்டர் பதினாறில் நின்றது. "நாலுன்னு எழுதிடும்மா. எதுக்கு வம்பு?" என்றார் அப்போதிருந்த மேலாளர். அவள் புதியவள். பயந்தவள். ஆறு முறை நாலு என்று எழுதினாள்.

எட்டு மாதம் கழித்துச் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். கையில் குழந்தை இல்லை. தடுப்பூசி அட்டை மட்டும் இருந்தது.

"மூணு ஊசியும் போட்டாச்சுன்னு இதுல இருக்கே. வேலைக்குப் போகாம நான்தானே தூக்கிட்டு வந்தேன். அப்புறம் ஏன் கக்குவான் இருமல் வந்து செத்துச்சு?"

அந்த மூன்று நாள் மருந்துதான் காரணமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஐஸ் அக்காவாலும் முடியாது. அட்டையில் கடைசி ஊசிக்குப் போட்டிருந்த தேதியை மட்டும் அவள் பார்த்தாள். ஜெனரேட்டர் திரும்பி வந்ததற்கு நாலாம் நாள். அவள் வாயைத் திறக்கவில்லை. சூளைக்காரப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் ஊசிக்குக் கொண்டுவரவே இல்லை. அந்த அட்டை இன்றும் ஐஸ் அக்காவின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அன்றிலிருந்து குளிர் நோட்டில் அவள் பொய் எழுதியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

தேர்தலுக்கு நாலு வாரம் இருந்தது. சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். பழையது சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். புதியது நாலுவழிச் சாலையோரம், பஸ் நிற்காத இடத்தில், கட்சிக்காரர் ஒருவரின் காலி மனைகளுக்கு நட்டநடுவில் எழும்பியது. ஆஸ்பத்திரி வந்தால் மனை விலை ஏறும். நோயாளி எப்படி வருவான் என்று யாரும் கேட்கவில்லை. "கார்ல வருவான்" என்று டிரைவர் ஒருமுறை சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

கட்டடத்தோடு புது ஃப்ரிட்ஜும் வந்தது. பழைய ஃப்ரிட்ஜ் பெட்டி மாதிரி இருக்கும். மேலே மூடியைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கரண்ட் போனால் ஒன்றரை நாள் குளிரைப் பிடித்து வைக்கும். புதியது ஆள் உயரம். முன்னால் முழுக்கக் கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. பெட்டிக்கடையில் குளிர்பானம் வைத்து விற்கிறார்களே, அதே சாமான். கதவின் ஓரத்தில் கும்பிட்ட கையோடு அமைச்சர் படம் ஒட்டியிருந்தது. மாவட்டத்தில் முப்பத்தொரு நிலையங்களுக்கு இதே ஃப்ரிட்ஜ் வந்தது. விற்றவர் அமைச்சருக்கு என்ன உறவு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், காகிதத்தில் மட்டும் தெரியாது.

"இது மருந்துக்கு ஆகாது சார். பின் சுவர்ல ஐஸ் கட்டும்" என்றாள் ஐஸ் அக்கா.

"ஆகுமா ஆகாதான்னு முடிவு பண்றது நீங்களா?" என்றார் மாவட்ட சுகாதார அதிகாரி. அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் நூறு சார். எந்தக் கூட்டமானாலும் "நூறு சதவீதம் வேணும்" என்று ஆரம்பித்து "நூறு சதவீதம் வந்தாகணும்" என்று முடிப்பார். நடுவில் என்ன பேசினார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

திங்கட்கிழமை திறப்பு விழா. மருந்துப் பாட்டில்களை எல்லாம் கண்ணாடி ஃப்ரிட்ஜுக்கு மாற்றச் சொன்னார்கள். அலங்காரத்துக்கு அடுக்குவதுபோல் அடுக்கவும் சொன்னார்கள். அமைச்சர் வந்தார், ரிப்பனை வெட்டினார், ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஜில்லுன்னே இல்லையே?"

அவ்வளவுதான். நூறு சார் பாய்ந்தார். உள்ளே கையை விட்டு, குளிரைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருகினார். எல்லாரும் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கயிறு கட்டித் தடுத்த இடத்துக்குப் பின்னாலிருந்து ஐஸ் அக்கா, "சார், திருகாதீங்க சார்!" என்று கத்தியது கேமராக்காரரின் காதில் மட்டும் விழுந்தது. அவர் திரும்பி, "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றார்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள் என்று அந்த அறையைப் பூட்டிச் சாவியை நூறு சாரின் ஆட்கள் எடுத்துப்போனார்கள். அவள் இரண்டு முறை ஃபோன் செய்தாள். "அமைச்சர் கூட இருக்கோம், அப்புறம் பேசு" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. தெர்மாமீட்டர் மைனஸ் நாலில் நின்றது. ஐஸ் அக்கா ஒரு பாட்டிலை எடுத்தாள். கல் மாதிரி இருந்தது. பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை எல்லாமே கல். அவளுக்கு அழுகை வரவில்லை. காதுமடல் சுட்டது. குளிர் நோட்டைத் திறந்து, சிவப்புப் பேனாவை எடுத்து, மைனஸ் நாலு என்று எழுதி, கீழே கோடு போட்டாள். பிறகு பின்வராந்தாவில் தூக்கிப் போட்டிருந்த பழைய பெட்டி ஃப்ரிட்ஜுக்கு வயரை இழுத்துக் கொடுத்து, பாட்டில்களை அதற்கு மாற்றிப் பூட்டினாள்.

டாக்டர் பதினோரு மணிக்கு வந்தார். அதற்குள் பாட்டில்கள் உருகியிருந்தன. இந்த மருந்தின் குணம் அப்படி. உறைந்து உருகிய பிறகு கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் வெள்ளையாக இருக்கும்.

"எல்லாம் கல்லா உறைஞ்சிருந்தது சார்."

டாக்டர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நான் பாக்கலையே அக்கா. நீங்கதான் பாத்தீங்க."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லல. வியாழக்கிழமை கேம்ப். இருநூத்துப் பதினாலு குழந்தைங்க பேர் குடுத்தாச்சு. ஒரே நாள்ல நூறு சதவீதம்னு மாவட்டம் பூரா போஸ்டர் ஒட்டியிருக்காங்க. இப்போ போய் மருந்து செத்துப்போச்சுன்னா..." அவர் நகத்தைக் கடித்தார். கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போடும்போது மட்டும் அவருக்குக் கை நடுங்காது. மற்ற நேரமெல்லாம் நடுங்கும்.

நூறு சாருக்கு ஃபோன் போனது. டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாட்டில் மேல ஒரு சின்ன லேபிள் இருக்குமே, அது என்ன நிறம்?"

"வெள்ளை சார். ஆனா அது சூடு பட்டா மட்டும்தான் நிறம் மாறும். உறைஞ்சா மாறாது" என்றாள் ஐஸ் அக்கா.

"லேபிள் வெள்ளையா இருந்தா மருந்து நல்லது. அவ்வளவுதான். நோட்டுல நாலுன்னு எழுதுங்க."

"குலுக்கிப் பாத்தா தெரிஞ்சுடும் சார். உறையாத பாட்டில் ஒண்ணையும் இதையும் குலுக்கி வெச்சு அரைமணி நேரம்..."

"எந்த டெஸ்டும் வேண்டாம்! டெஸ்ட் பண்ணினா ரிப்போர்ட் எழுதணும். ரிப்போர்ட்ல ஃப்ரிட்ஜ் பேரு வரும். அந்த ஃப்ரிட்ஜ்ல யார் படம் இருக்குன்னு தெரியுமில்ல? இதப் பாரும்மா, செத்த மருந்து யாரையும் கொல்லாது. தண்ணி மாதிரிதான். ஆனா நீ வாயைத் திறந்தேன்னு வெச்சுக்கோ, நாளைக்கு ஒருத்தி ஊசி போட வரமாட்டா. அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்."

ஃபோன் வைக்கப்பட்டது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். ஐஸ் அக்கா தரையைப் பார்த்தாள். நூறு சார் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் அவளைக் குத்தியது. ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் தையல் மெஷினில் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார்.

"ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பாக்கற. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடாம மூணு மாசமாச்சு."

"விளையாடாதீங்க."

"விளையாடல. ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு. பேசாம நாலுன்னு எழுதிட்டு வந்துடேன். எழுதச் சொன்னது அவங்க. பொறுப்பு அவங்களோடது."

"ஊசி குத்துறது குழந்தையை. காய்ச்சல் வந்து ராத்திரி பூரா அழப்போறது அது. உள்ள போறது வெறும் தண்ணின்னு தெரிஞ்சே குத்தணுமா?"

"ஜனங்க பயந்துடுவாங்கன்னு அவர் சொல்றதும் சரிதானே?"

"அதைத்தாங்க யோசிக்கறேன். ஆனா சூளைக்காரி ஏன் அடுத்த பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரல? நான் உண்மையைச் சொன்னதாலயா? நான் வாயை மூடிட்டு இருந்ததாலதானே? போட்டாச்சுன்னு எழுதின அட்டை பொய்யாப்போச்சு. அதுக்கப்புறம் எங்களை எப்படி நம்புவா?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் அறுப்பார். யார்மேல் கோபம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை அவள் இரண்டு வேலை செய்தாள். முதல் வேலை, அந்தப் பாட்டில்களில் ஒன்றை எடுத்து, 'வேண்டுமென்றே உறைய வைத்தது' என்று எழுதி ஒட்டி, ஐஸ் பேக் செய்யும் ஃப்ரீசருக்குள் வைத்தாள். இரண்டாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையத்தில் தன் வேலையைச் செய்யும் தோழியைக் கூப்பிட்டாள். அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் கட்டடம் முடியாததால் கண்ணாடி ஃப்ரிட்ஜ் இன்னும் பிரிக்கப்படாமல் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. ஒரே நேரத்தில் தயாரித்து அனுப்பிய அதே தொகுதி மருந்து அவளிடம் பழைய ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தது.

"ஒரு பாட்டில் குடு."

"தர்றேன். யார் வந்து வாங்கிப்பா? உன்னை வெளியே விடமாட்டாங்களே."

விடவில்லை. கேம்புக்குத் தோரணம் கட்டும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மதியம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவள் கணவர். தோளில் மருந்துப் பெட்டி.

"உன் சிநேகிதி எனக்கு ஃபோன் பண்ணினா. போய் வாங்கிட்டு வந்தேன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "ஐஸ் வேர்க்கற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன். ஆட்டியும் பாத்தேன், சளக்னு கேட்டுச்சு. அப்புறம்தான் போட்டேன்" என்றார்.

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில், தன் வேலையைப் பற்றித் தான் சொன்னதில் பாதிகூட இந்த மனிதர் காதில் விழுந்ததில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே கூடம் நிரம்பிவிட்டது. பஸ் நிற்காத இடத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தும் நடந்தும் வந்திருந்தார்கள். மடியில் குழந்தைகள், கையில் அட்டைகள். சுவர் முழுக்க அமைச்சர் சிரித்தார். முதல் வரிசையில் இஸ்திரி போடும் பெண் ஒருத்தி இரட்டைக் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்று தூங்கியது, ஒன்று அவள் தாலியைப் பிடித்து இழுத்தது.

"ஐஸ் அக்கா, சீக்கிரம் விடுங்க. கரி அடுப்பு மாதிரி வேகுது இங்க. இஸ்திரிப் பெட்டிக்குள்ள கரி போட்டுட்டு வந்திருக்கேன், அணைஞ்சுடும்."

"கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள் ஐஸ் அக்கா. "எல்லாருமே கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஒண்ணு காட்டணும்."

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். டாக்டர் "அக்கா" என்றார். "அக்கா, வேண்டாம்" என்றார்.  பழைய ஃப்ரிட்ஜுக்குப் போட்ட பூட்டின் சாவி ஐஸ் அக்காவின் இடுப்பில் இருந்தது.

அவள் மேஜைமேல் மூன்று பாட்டில்களை வைத்தாள். "இது உறையாத நல்ல மருந்து. ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்தது. இது நானே ஃப்ரீசர்ல வெச்சுக் கொன்னு, அப்புறம் உருக வெச்சது. இந்த நடுவுல இருக்கறதுதான் உங்க பிள்ளைங்களுக்குப் போடச் சொல்றாங்க." மூன்றையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கினாள். மூன்றும் பால்போல் வெளுத்தன. மேஜைமேல் வரிசையாக வைத்தாள். "அரைமணி நேரம். எல்லாரும் பாருங்க. நான் சொல்றதை நம்ப வேண்டாம்."

அந்த அரைமணி நேரம் போல் நீளமான நேரத்தை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. குழந்தைகள் அழுதன. பின்னாலிருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். முதலில் இஸ்திரிக்காரிதான் கண்டுபிடித்தாள்.

"ஏ, இதுல அடியில மாவு மாதிரி உக்காருது!"

அவள் காட்டியது அக்கா கொன்ற பாட்டில். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளைப் படிவு. எல்லாரும் நடுப்பாட்டிலைப் பார்த்தார்கள். அதிலும் படிந்துகொண்டிருந்தது. நல்ல பாட்டில் மட்டும் வைத்தது வைத்தபடி வெளுத்தே நின்றது.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. நூறு சார் உள்ளே நுழைந்தார். மேஜையைப் பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னம்மா சர்க்கஸ் காட்றியா? யாரும் பயப்படாதீங்க! இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. மருந்து நூறு சதவீதம் நல்லா இருக்கு."

"அப்படின்னா நடுப்பாட்டில் ஏன் சார் அடியில உக்காந்திருக்கு?" என்றாள் இஸ்திரிக்காரி.

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். கண்ணு தெரியும்."

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "உன் வேலை போச்சு" என்றார் ஐஸ் அக்காவைப் பார்த்து. "நாளைக்கு இந்த ஜனங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

ஐஸ் அக்கா தாய்மார்களைப் பார்த்தாள். 

"ஊசி நல்லது. கேட்டுக்கங்க, ஊசி நல்லது. என் பிள்ளைக்கும் போட்டேன். கக்குவான் இருமல்ல ஒரு குழந்தை எப்படிச் சாகும்னு எனக்குத் தெரியும். கெட்டுப்போனது இந்தப் பாட்டில் மட்டும்தான். கெடுத்தது யார்னு நீங்களே சுவத்துல பாத்துக்கங்க. நல்ல மருந்து வந்ததும் கட்டாயம் வரணும். வரலைன்னா நான் செஞ்சது பாவம். அட்டையை எல்லாம் இப்படிக் கொடுங்க."

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு அட்டையிலும், ஊசி போட்ட தேதியை எழுதும் கட்டத்துக்குள், 'போடவில்லை. மருந்து உறைந்தது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாள். இருநூற்றுப் பதினாலு அட்டைகள். நடுவில் பேனா தீர்ந்தது. டாக்டர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அவர் செய்தது அது ஒன்றுதான். ஆனாலும் நூறு சார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீட்டினார்.

அன்று அந்தக் கூடத்தில் ஒரு ஊசிகூடப் போடப்படவில்லை. சாயங்காலம் டிவியில் அமைச்சர் வந்தார். மாவட்டத்தில் நூறு சதவீதம் தடுப்பூசி, ஒரே நாளில் சாதனை என்றார். அந்தக் கணக்கில் இந்த இருநூற்றுப் பதினாலும் இருந்தன. கேம்ப் தொடங்குவதற்கு முன்பே, காலை ஏழு மணிக்கே, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். ஐஸ் அக்கா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தாள். தட்டு எவர்சில்வர். நசுங்கியதோடு சரி. அவள் கணவர் அதை எடுத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டே, "அமைச்சர் மேல படல. கொஞ்சம் இடதுபக்கம் எறிஞ்சிருக்கணும்" என்றார். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் உத்தரவு வந்தது. 'அரசு மருந்துகளைப் பொதுமக்கள் முன்னிலையில் வீணாக்கியமைக்காக' மாவட்ட அலுவலகத்தின் ஆவண அறைக்கு மாற்றம். ஜன்னல் இல்லாத அறை. ஃப்ரிட்ஜும் இல்லை, குழந்தைகளும் இல்லை. கூரைவரை அடுக்கிய காகிதக் கட்டுகள், ஒரு நாற்காலி, ஒரு பழைய ஃபோன். அவளை அடக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நூறு சார் நினைத்தார்.

அங்கே போன பத்தாம் நாள் இஸ்திரிக்காரி ஃபோன் செய்தாள்.

"அக்கா, போட்டாச்சு! ரெண்டுக்கும் போட்டாச்சு. போன புதன்கிழமை எல்லாரும் அட்டையைத் தூக்கிட்டுப் போய் உக்காந்தோம். கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே போட்டாச்சுன்னு இருக்குன்னாங்க. அட்டையில போடலைன்னு கையெழுத்தோட இருக்கே, எது சரின்னு கேட்டோம். டாக்டர் நாள் பூரா நகத்தைக் கடிச்சாரு, கடைசியில நல்ல மருந்து வேணும்னு எழுதிக் குடுத்தாரு. இன்னைக்கு வந்துச்சு. உங்க எடத்துக்கு வந்த ஆளு அவசரக்குடுக்கை அக்கா. ஐஸை எடுத்து அப்படியே பெட்டியில திணிச்சாரு. வேர்க்கட்டும் சார்னு நாங்கதான் பிடுங்கி வெளியே வெச்சோம்."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"இருநூத்து ஒம்பது. மத்த அஞ்சு பேர் ஊர்ல இல்ல. வந்ததும் நான் இழுத்துட்டுப் போறேன். அந்தக் கண்ணாடி ஃப்ரிட்ஜ்ல இப்போ என்ன இருக்கு தெரியுமா? டாக்டரோட மோர்!"

ஐஸ் அக்கா பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். ஃபோனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு மெதுவாக வற்றியது. ஒரு குழந்தைக்கு உயிருள்ள மருந்து கிடைப்பதற்குப் பெற்றவள் போய்க் காவல் நிற்க வேண்டுமா? வேலை கெட்டு நாள் முழுக்க உட்கார வேண்டுமா? அப்புறம் எதற்கு அலுவலகம், எதற்கு ஜீப், எதற்கு நூறு சார்?

கோபத்தில் எழுந்து நடந்தபோது அடுக்கில் இருந்த ஒரு கட்டு தோளில் இடித்துக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். குளிர் நோட்டுகளிலிருந்து மாதாமாதம் பிரித்த தாள்கள். எல்லா நிலையங்களும் அனுப்பியவை. திறப்பு விழா நடந்த மாதத்துக் கட்டு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிலையம் நிலையமாகப் பிரித்தாள். கட்டி முடித்த எல்லாக் கட்டடங்களையும் அமைச்சர் அதே வாரத்தில் திறந்திருந்தார். எல்லா இடத்திலும் அதே ஃப்ரிட்ஜ்; அதே திருகையும் யாராவது கடைசிவரை திருகியிருப்பார்கள். அவளுடைய பழைய நிலையத்தின் தாளில் செவ்வாய்க்கிழமைக் கட்டம் கிழிந்திருந்தது. சிவப்பு எழுத்தை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் மூன்று, ஐந்து, நாலு, ஆறு என்று மாறி மாறி இருந்தது. பழைய ஃப்ரிட்ஜ் அப்படித்தான் இருக்கும். மற்ற இருபத்தொன்பது தாள்களிலும் நாலு. காலை நாலு, மாலை நாலு. திறப்பு விழா அன்றும் நாலு, மறுநாளும் நாலு. முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய நாலு. பதினாறு வருடத்துக்கு முன்னால் அவள் எழுதியதும் இதே மாதிரிதான் இருக்கும்; அந்தக் காகிதமும் இங்கேதான் எங்கேயாவது கிடக்கும்.

இருபத்தொன்பது கூடங்கள். அங்கே யாரும் பாட்டிலைக் குலுக்கவில்லை. அங்கே அட்டைகளில் எல்லாம் போட்டாச்சு என்றுதான் இருக்கிறது.

அவளை அனுப்பியவர்கள் இந்த அறையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவர்கள் எதையும் திறந்து பார்க்கிற பழக்கம் இல்லாதவர்கள்.

ஐஸ் அக்கா முதல் தாளின் மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்து ஃபோனைச் சுழற்றினாள். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். குரல் சின்னது. வேலைக்குப் புதியவளாக இருக்க வேண்டும்.

"அம்மா, மருந்து பாக்கறது நீங்கதானே? பயப்படாதீங்க, நான் உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடல. உங்ககிட்ட இருக்கறது கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜா?"

 "ஆமாக்கா" என்றது அந்தக் குரல்.

"திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில நீங்க உண்மையா பாத்தது எவ்வளவு?"

 கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. குரல் இன்னும் சின்னதானது.

"மைனஸ் அஞ்சுக்கா. நாலுன்னு எழுதச் சொன்னாங்க."

"தெரியும். பாட்டில் மிச்சம் இருக்கா? ஒண்ணை எடுத்து ஃப்ரீசர்ல வைங்க. நாளைக்குக் காலையில உருக வெச்சுக் குலுக்கலாம். எப்படின்னு நான் சொல்றேன், எழுதிக்கங்க."